தேரியோ நின்ற இடம்

1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு, மணிலாவின் பெரிய கூடைப்பந்து அரங்கில், மரத்தரையின் இடது மூலையில் புல் முளைத்தது. நீளம் ஒரு விரல் இருக்கும். பரப்பு, ஒருவன் செருப்புக் காலை ஊன்றி எடுத்தால் பதியும் தடத்தின் அளவு. கபித்தானா டப்பாமீன் கம்பெனியின் அணிக்கு அந்த வருடம்தான் சேர்ந்திருந்த எலியுதேரியோ தும்லாவ் அந்த மூலையில் முக்கால் நிமிடம் பந்துக்காகக் காத்து நின்றான். பந்து வரவில்லை. சலித்துப்போய் இடது காலை எடுத்தபோது அடியில் புல் இருந்தது. நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார்கள். வியர்வை சிந்தினால் என்ன செய்வது, ரத்தம் சிந்தினால் என்ன செய்வது, ரசிகர்கள் கோபத்தில் எறியும் சில்லறைக் காசை யார் பொறுக்குவது என்பதெல்லாம் அதில் இருந்தது. செடி கொடிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வியர்வையைத் துடைப்பதைப் போலப் புல்லையும் எடுத்துவிட்டு ஆடலாம் என்று இரண்டு பயிற்சியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். தரை துடைக்கும் வேலையில் இருந்த மாங் பஸ்டிங், முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிவந்து குந்தி உட்கார்ந்து வெட்டினார். நான்கு நிமிடத் தாமதம். கபித்தானா ஆறு புள்ளியில் தோற்றது. மறுநாள் பத்திரிகைகள் தோல்வியைப் பற்றித்தான் பத்தி பத்தியாக எழுதின. புல்லுக்குக் கடைசியில் ஒரு வரி கிடைத்தது.

தேரியோ என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆட்டக்காரன் பனாய் தீவில், இலோயிலோ மாகாணத்தின் தும்பலான் என்ற ஊரில் பிறந்தவன். நாடெங்கும் தெருவுக்குத் தெரு, தென்னைமரத்துக்குத் தென்னைமரம் கூடைப்பந்து வளையம் மாட்டியிருந்த காலத்தில், தும்பலானில் மட்டும் ஒரே ஒரு வளையம் இருந்தது. தேர்தலில் நின்ற ஒருவர் ஊரின் சுபாவம் தெரியாமல் நட்டுவிட்டுப் போனது அது. அவர் தோற்றார். வளையத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் துணி காயப்போட்டார்கள். ஊருக்குக் கால்பந்துதான் எல்லாம். மாதா கோயில் வாசலில் கோல் கம்பம், சந்தைக்குப் பின்னால் கோல் கம்பம், அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கோல் கம்பம். பாதிரியார் ஞாயிறு பூசையைச் சுருக்கமாக முடிப்பதற்கும் அதுவே காரணம். தும்லாவ் குடும்பத்தில் மூன்று தலைமுறை கால்பந்து ஆடியது. அதில் எல்லோரையும் விடத் திறமைசாலி தேரியோவைவிட ஏழு வயது மூத்த அக்கா சல்வசியோன், சுருக்கமாகச் சல்வா. அவளுடைய இடது காலிலிருந்து கிளம்பும் பந்து ஆளைச் சுற்றி வளைந்து போய் வலையில் விழும் என்பதை எதிரணிக்காரர்களே சொன்னார்கள். பெண்களுக்கென்று அணி எதுவும் அந்நாளில் இல்லாததால் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, தம்பி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் அவன் ஆறடி ஐந்தங்குலம் ஆனான். மாகாணத்துக்கே ஒரு கோல் கீப்பர் கிடைத்துவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து மணிலாவிலிருந்து ஓர் ஆள் பக்கத்து ஊரில் வேறு யாரையோ பார்க்க வந்தவன், பேருந்து பழுதாகித் தும்பலானில் இறங்கி நின்றான். மழை வரும்போல் இருந்தது. தேரியோ வீட்டிலிருந்து வந்து, வளையத்தில் காய்ந்த போர்வையைக் குதிக்காமலும் எம்பாமலும் கையை நீட்டி உருவிக்கொண்டு போனான். வந்தவன் பேருந்தை மறந்துவிட்டு அவன் பின்னாலேயே வீடுவரைக்கும் போனான். ஒரு வாரத்தில் பையனுக்குக் கல்லூரியில் இடம், தங்க இடம், காலுக்கு அளவெடுத்த ஷூ எல்லாம் தயாராகிவிட்டது. சல்வா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

“போறியா? போ. கையால பந்தைப் பிடிக்கிற பொழப்புக்கு உனக்கு எதுக்குடா ரெண்டு காலு? ஒண்ண இங்க கழட்டி வெச்சுட்டுப் போ, நானாச்சும் வெச்சு ஆடிக்கிறேன்.”

“நாங், வருஷத்துக்கு ஒரு தடவை வந்துடுவேன்” என்றான் தேரியோ. அந்தத் தீவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வராத. வந்தா அந்த நாற வளையத்தையும் கழுத்துல மாட்டிக்கிட்டு வருவ.”

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவள் அவனோடு பேசவில்லை. அவன் அனுப்பிய கடிதங்களை வாங்கினாள், படித்தாள், பதில் எழுதவில்லை.

கல்லூரியில் ஆடிய காலத்தில் ஓட்டம்தான், நிற்பதற்கு நேரமில்லை. புல்லும் இல்லை. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபின் அது வாரம் ஒருமுறையாவது நடந்தது. எதிரணிகள் முதலில் புகார் செய்தன. பிறகு வழுக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன. மாங் பஸ்டிங் கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டைம் அவுட் ஊதினால் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் கத்தரிக்கோலுமாக ஓடுவார். ரசிகர்கள் பின்வரிசையிலிருந்து ஆடுபோலக் கத்துவார்கள். ஒருமுறை யாரோ நிஜமாகவே ஓர் ஆட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கும் டிக்கெட் எடுத்திருந்ததால் வாசலில் தடுக்க முடியவில்லை. தேரியோ நட்சத்திர ஆட்டக்காரன் இல்லை. ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளி எடுப்பான்; வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை மற்றவர்களைவிட இரண்டு அதிகமாகப் பிடிப்பான். பத்து வருடம் ஓர் அணியில் நிலைத்திருக்க அது போதும்.

புல் முளைப்பதைப் பற்றி அவனுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஷூவை மாற்றிப் பார்த்தான், முளைத்தது. வலது ஷூவை இடது காலில் மாட்டிக்கொண்டு ஒரு பயிற்சி முழுக்க நொண்டினான்; அப்போதும் இடது காலடியில்தான் முளைத்தது. வெறுங்காலோடு நின்றான், கொஞ்சம் சீக்கிரம் முளைத்தது. விடுதியின் சிமெண்ட் தரையிலும், குளியலறை ஓட்டிலும், பேருந்தின் தகரத்திலும் மணிக்கணக்காக நின்று பார்த்தான், அங்கெல்லாம் ஒன்றுமில்லை. மரத்தரை, அதுவும் கூடைப்பந்துத் தரை வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஒரு பிடி புல்லை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த விவசாயக் கல்லூரிக்குப் போய், தாவரங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஓர் அம்மாளைச் சந்தித்தான். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், கிள்ளினார், முகர்ந்தார்.

“எருமைப்புல்லு. நாடு பூரா கிடக்கு. நல்ல ஆரோக்கியமா இருக்கு.”

“இது மரத்துல முளைக்குது, அம்மா.”

“எந்த மரம்?”

“மேப்பிள்னு சொல்றாங்க. பாலிஷ் போட்ட பலகை.”

“அப்ப அது நம்ம துறை இல்லப்பா. மரம்னா வனத்துறைக் கட்டடம். அதோ, தண்ணித் தொட்டி தாண்டி. நாலு மணிக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்க, ஓடு.”

அவன் ஓடினான். பூட்டியிருந்தது.

கடைசியில் அவனாகவே ஒன்றைக் கண்டுபிடித்தான். ஓடும்போது புல் வருவதில்லை, நின்றால் வருகிறது. நிற்பதைவிடப் பெஞ்சில் உட்கார்ந்தால் அதிகம் வருகிறது. முப்பது வயதை நெருங்கி, முழங்கால் வீங்கி, இளைஞர்கள் அவன் இடத்துக்கு வந்த பிறகு இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்று. மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் பெஞ்சின் அந்தக் கோடியில் கணுக்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். பயிற்சியாளர் ஒருநாள் அதை உதைத்துப் பார்த்துவிட்டு, “உன்னை எவ்வளவு நேரம் உட்கார வெச்சிருக்கேன்னு கணக்கு பார்க்க எனக்கு வாட்ச்சே வேணாம் போலிருக்கே” என்று சிரித்தார். தேரியோவும் சிரித்தான். 1997 கடைசியில் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாங் பஸ்டிங் மட்டும் வாசல்வரை வந்து, “இனிமே எனக்குக் குனியற வேலை மிச்சம். ஆனா பழகிப்போச்சேப்பா” என்றார்.

அடுத்த பிப்ரவரியில் தேரியோ கப்பலேறித் தும்பலானுக்கு வந்தான். சல்வா அப்போது மாகாண அணிக்கே பயிற்சியாளராக இருந்தாள். ஆண்கள் அணிக்கு ஒரு பெண் பயிற்சி கொடுப்பது நாட்டில் அங்கு மட்டும்தான், அதையும் வேறு யாரும் சம்பளமில்லாமல் வராததால் கொடுத்திருந்தார்கள். அவன் மைதானத்துக் கோட்டுக்கு வெளியே பையோடு நின்றான். அவள் விசிலை வாயிலிருந்து எடுக்காமல் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“ஆடணும்னு வந்திருக்கேன், நாங்.”

“என்ன ஆட்டம்?”

“இதான். கால்பந்து.”

“முப்பது வயசுல.”

“இருபத்தொம்பது.”

“சரி, போய் ஓடு. பையைக் கீழ வை, அதையும் தூக்கிட்டு ஓடாத.”

பன்னிரண்டு வருட மௌனம் இப்படித்தான் முடிந்தது. அவள் அவனை முதலில் முன்வரிசையில் நிறுத்தினாள்; தலைக்கு வரும் பந்து எல்லாம் அவனுடையதாகும் என்பது அவள் எண்ணம். பந்து வந்தது. அவன் எம்பினான். எம்பியவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். ஒரே மாதத்தில் இது ஒன்பது தடவை நடந்தது. “உன்னை முன்னாடி விட்டா எதிராளிக்குப் பன்னண்டு பேரு” என்று சொல்லி அவள் அவனைக் கோலுக்கு அனுப்பினாள். அங்கே பிடிக்கலாம். ஆனால் பிடித்த பந்தைப் பழக்கதோஷத்தில் தரையில் தட்டிக்கொண்டே நடப்பான். பயிற்சிக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில், கோல் வாயிலேயே தட்டிக்கொண்டு நின்றவனிடமிருந்து எதிரணியின் குள்ளன் ஒருவன் பந்தை நோகாமல் எடுத்துக்கொண்டு போய் வலைக்குள் உருட்டினான். ஊர் சிரித்தது. உயரமாக வரும் பந்துக்கு அவன் சுவர். தாழ்வாக வருவதற்கு அவன் குனிந்து சேர்வதற்குள் பந்து வலையில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும்.

ஊர்க்காரர்கள் தினமும் குடையும் வேகவைத்த கடலையுமாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது ஆட்டத்தை அல்ல. மணிலாவில் பலகையில் முளைத்தது இங்கே மண்ணில் எப்படி முளைக்கும் என்று பார்க்க வந்தார்கள். எந்த மைதானத்திலும் கோல் வாயில் மொட்டையாகத்தான் இருக்கும். தும்பலானிலும் கீப்பர் நிற்கும் இடம் தலைமுறை தலைமுறையாக வெறும் செம்மண். அது செலவில்லாமல் பச்சையாகிவிடும் என்று மேயர் கணக்குப் போட்டிருந்தார். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. ஒரு தளிர் வரவில்லை. மீன் விற்கும் லோலிங் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினாள்:

“ஏய் நெட்டை! மணிலாக்காரனுக்கு மட்டும்தான் முளைக்குமா? நாங்க என்ன பாவம் பண்ணோம்?”

“எனக்கே தெரியல, மனாங்” என்றான் அவன், மூத்த பெண்களைக் கூப்பிடும் மரியாதையோடு.

“உரம் போடு! இல்லன்னா ஷூவைத் தொவைக்காம போட்டுட்டு வா!”

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் தேரியோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் இடது காலை அசைக்காமல் நின்று பார்த்தான். காலை எடுத்தால் செம்மண்ணில் ஷூவின் தடம்தான் இருந்தது. அவனுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதிக்கடியில் ஏதோ ஒன்று தொலைந்த மாதிரி இருந்தது. பத்து வருடம் கூடவே வந்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போயிற்று என்று இப்போது அதை யோசிக்க ஆரம்பித்தான்.

இரண்டு பருவம் ஆடினான். முப்பத்தொரு கோல் விட்டான். விடாமல் காத்ததை யாரும் எண்ணவில்லை. 1999 மே மாதம் இலோயிலோ அணி மாகாணங்களுக்கிடையிலான போட்டியில் இறுதிவரைக்கும் போனது. இறுதி ஆட்டம் எதிர்த் தீவில், பகோலோடில், நீக்ரோஸ் அணியோடு. அதில் ஜெயித்தால் சல்வாவுக்குத் தேசிய அணியில் துணைப் பயிற்சியாளர் இடம் என்று சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுக்கவில்லை, சொல்லியிருந்தார்கள். பதினான்காயிரம் பேர் வெயிலில் உட்கார்ந்து தேரியோவை நோக்கிக் கூடைப்பந்து வளையம் போலக் கையை வட்டமாக வைத்துக் காட்டினார்கள். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் போயிற்று. பெனால்டிக்கு வந்தது. ஐந்தில் முதல் நான்கை நீக்ரோஸ்காரர்கள் அவன் உயரத்துக்கும் எட்டாமல் போகட்டும் என்று மேலே அடித்தார்கள்; இரண்டைப் பிடித்தான், இரண்டு கை தப்பி வலைக்குள் போயின. இலோயிலோவும் தன் ஐந்தில் இரண்டுதான் போட்டிருந்தது. நீக்ரோஸின் ஐந்தாவதை அடிக்க வந்தவன் ஒரு தபால்காரன், வயதானவன், அவசரமில்லாதவன். பந்தைத் தரையோடு தரையாக, இடது மூலைக்கு, கிட்டத்தட்ட உருட்டிவிட்டான். தேரியோ வெட்டிய மரம்போலச் சாய்ந்தான். அவன் தரையைத் தொடுமுன் பந்து உள்ளே போய் நின்றிருந்தது.

மறுநாள் திரும்பும் படகில் மற்றவர்கள் உள்ளே படுத்துவிட்டார்கள். நண்பகல் வெயில். சல்வா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். தேரியோ பக்கத்தில் போய் நின்றான். படகின் தளம் மரம். அவன் பழக்கத்தில் காலடியைப் பார்த்துக்கொண்டான்.

“மன்னிச்சுக்க, நாங்.”

“எதுக்கு? நீ குனியறதுக்கு ஒரு வருஷம் ஆகும்னு தெரிஞ்சுதானே நிக்க வெச்சேன்.”

“அந்த வேலை போச்சே உனக்கு.”

“ஜெயிச்சிருந்தா மட்டும் குடுத்திருப்பானுங்களா? அடுத்த சாக்கு ரெடியா இருக்கும்.” சின்ன வயதில் தம்பியைக் கூப்பிட்டதுபோலவே கூப்பிட்டுச் சொன்னாள்: “டோடோ, நீ போனதுக்கு நான் கோபப்பட்டேன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்க. அது இல்லடா. பஸ்ஸு ரிப்பேராகி ஒருத்தன் இறங்கினான். உன்னைப் பார்த்தான். நானும் அன்னைக்கு மைதானத்துல பந்து அடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அவன் என்னைத் தாண்டித்தான் உன் பின்னாடி போனான்.”

தேரியோவுக்கு இது தெரியாது. அவனுக்குப் போர்வை மட்டும்தான் நினைவிருந்தது. அவன் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதையே கேட்டான்:

“நாங், ரெண்டு வருஷமா இங்க ஏன் ஒண்ணும் முளைக்கல?”

“இங்கதான் ஏற்கெனவே மைதானம் இருக்குல்ல” என்றாள் அவள், மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோல. “இருக்கிற எடத்துல எதுக்கு முளைக்கணும்?”

அவன் அதைப் படகு கரை சேரும்வரை யோசித்தான். கரை சேர்ந்தபின் முழுவதும் புரிந்ததாகச் சொல்ல முடியாது, ஆனால் கேள்வி பிராண்டுவதை நிறுத்திவிட்டது.

2000ஆவது வருடம் கபித்தானா அணியில் உயரமான இருவருக்கு ஒரே வாரத்தில் காலொடிந்தது. புதிய பயிற்சியாளர் தும்பலானுக்குத் தந்தி அடித்தார். தேரியோ அக்காவிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். “போ. இங்க உன்னை வெச்சுக்கிட்டு இன்னும் முப்பத்தொரு கோல் வாங்க எனக்குத் தெம்பில்ல.” அவன் போனான். முதல் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டாம் கால்பகுதியில் காலடியில் குளிர்ச்சியாக உரசியது. குனிந்து பார்க்கவில்லை. உள்ளங்காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டான். மாங் பஸ்டிங் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்து, “அட, வந்துடுச்சா. ரெண்டு வருஷமா இந்தத் தரை வெறும் தரையா கிடந்துச்சுப்பா” என்றார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் மூன்றாம் இடத்துக்கானது. தேரியோவின் முழங்கால் அதற்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அதுவே அவனுக்கும் கடைசி. கேட்காமலே ஒரு டிக்கெட்டைத் தும்பலானுக்கு அனுப்பியிருந்தான், பதில் வரவில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, காய்ந்த மாம்பழப் பொட்டலமும் துணிப்பையுமாக சல்வா படிகளில் இறங்கி வந்து தன் இருக்கை எண்ணைத் தேடி உட்கார்வதை அவன் பெஞ்சிலிருந்து பார்த்தான். அவள் கைதட்டவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஏன் இப்படி மாறி மாறி ஓடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு நிமிடத்தில் பயிற்சியாளர் தேரியோவை உள்ளே அனுப்பினார். ஒரு புள்ளி முன்னிலை. அவன் இடது மூலையில் நின்றான். நகரச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அவன் நின்றான். எதிரணி கடைசியாக எறிந்த பந்து வளையத்தில் பட்டு, பலகையில் பட்டு, யாரும் நினைக்காத திசையில் அந்த மூலைக்கே வந்தது. அவன் கையை உயர்த்தி, குதிக்காமல், அதை எடுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். மணி அடித்தது.

கூட்டம் இறங்கி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எல்லாம் அடங்கி அவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது, அரங்கு காலியாக இருந்தது. மூலையில் மாங் பஸ்டிங் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சல்வா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு புல்முன் மண்டியிட்டிருந்தாள். இந்த முறை அது முழங்கை நீளத்துக்கு வந்திருந்தது. அவள் அதை விரல்களால் கோதிப் பார்த்தாள், பிடித்து இழுத்து வேர் எப்படியிருக்கிறது என்று பார்த்தாள், பிறகு ஓரத்திலிருந்து சீராக வெட்டத் தொடங்கினாள்.

“மொத்தமா எடுத்துடணும்மா, அடியோட” என்றார் மாங் பஸ்டிங். “அதான் வழக்கம்.”

“யார் சொன்னா? ரெண்டு விரல் விடணும். அதுக்குக் கீழ வெட்டினா வெயில் தாங்காது.”

“இங்க ஏதும்மா வெயிலு?”

“அப்ப வெயில் இல்லாததுக்கும் சேர்த்து ரெண்டு விரல்.” அவள் தலையைச் சாய்த்து மட்டம் பார்த்தாள். “தண்ணி ஊத்துவீங்களா?”

“இதுவரைக்கும் ஊத்தினதில்ல.”

“வாரம் ரெண்டு வாட்டி. நிறைய வேணாம், பலகை ஊறிடும்.”

மாங் பஸ்டிங் யோசித்து, செவ்வாயும் வெள்ளியும் தனக்குத் தோதுப்படும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு அவள் வெட்டிய புல்லைத் துணிப்பையில் அள்ளினாள். தேரியோ பையின் வாயைப் பிடித்துக்கொண்டான்.